விழுந்தால் வலிக்கிற நாயகர்கள்

எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏழாவது படி, திரும்புகிற இடத்தில் இருக்கிறது. அங்கே நின்றால் கீழே கூடம் முழுக்கத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மதியம், தாத்தாவின் காசித்துண்டைக் கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, வலது கையை மடக்கி முன்னால் நீட்டிக்கொண்டு, என் சின்னவன் அங்கிருந்து குதித்தான். அப்போது அவனுக்கு 5 வயது. நான் அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு நடுவே தொப்பென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. விழுந்த பிள்ளை அழுதால் பயமில்லை, அழாமல் இருந்தால்தான் பயம். அடுப்பை அணைத்தேனா என்று இன்றுவரை ஞாபகமில்லை.

முன்கை எலும்பில் விரிசல். பாளையங்கோட்டையில் ஒரு எலும்பு டாக்டரிடம் மாவுக்கட்டு போட்டோம். கட்டுப் போட்டுக்கொண்டே அவர் பேச்சுக் கொடுத்தார்.

"ஏன்டா தம்பி குதிச்ச?"

"பறக்கதுக்கு."

"விழுந்துட்டியே?"

"விழுந்தா எந்திரிச்சிருவாங்கல்ல? டிவியில எல்லாரும் எந்திரிச்சிருவாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "கை ஒண்ணும் பெரிசில்லம்மா, நாலு வாரத்துல கூடிரும். கழுத்துல முடிச்சுப் போட்டிருந்தான் பாருங்க, அது படிக்கட்டுக் கம்பியில மாட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டிவியை நிறுத்தினேன். ஒன்பது நாள் தாக்குப்பிடித்தேன். அந்த ஒன்பது நாளும் அவன் பக்கத்து வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பார்க்காத நேரத்தில், பார்த்ததையெல்லாம் ஒற்றைக் கையால் நடித்துக் காட்டினான். என் அம்மாதான் ஒரு நாள் சொன்னாள்: "நீ மட்டும் என்ன? சக்திமான் பாத்துட்டு முற்றத்துல சுத்து சுத்துன்னு சுத்தி, அம்மியில போய் விழுந்தவதானே?"

உண்மைதான். 1997இல் தூர்தர்ஷனில் அந்தத் தொடர் தொடங்கியபோது நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். இந்தி ஒரு சொல் புரியாது. ஆனால் அவர் ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு பம்பரம் மாதிரி சுற்றுவது புரிய மொழி வேண்டுமா என்ன? சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிப் பிள்ளைகள் ஆபத்தில் இறங்கியதாக அந்தக் காலத்தில் செய்திகள் வந்தன. அதில் நடித்த முகேஷ் கன்னாவே நிகழ்ச்சியில் தோன்றி, இதையெல்லாம் வீட்டில் செய்து பார்க்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லவேண்டி வந்தது.

அப்பா அதற்கும் முந்தைய கதை ஒன்றைச் சொன்னார். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வந்தபோது அவருக்கு 12 வயது. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். "நானும் ஒரு கரண்டியை எடுத்துக்கிட்டு சுவிட்சுப் பலகைகிட்டப் போயிட்டேம்மா. எங்க அம்மா பாத்து ஒரு அடி போட்டா பாரு, அதான் இன்னிக்கு உயிரோட இருக்கேன்" என்றார். ஐம்பது வருடம் அவர் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. பேரனின் மாவுக்கட்டைப் பார்த்த பிறகுதான் வெளியே வந்தது.

ஆக, மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் எல்லாரும் பறக்கப் பார்த்திருக்கிறோம். ஆசையை நிறுத்த முடியாது என்று அன்றைக்குப் புரிந்தது. சின்னவன் சொன்ன பதிலையும் திரும்பத் திரும்ப யோசித்தேன். அவன் முட்டாள்தனமாக ஒன்றும் செய்யவில்லை. மலையிலிருந்து விழுந்தவன் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு நடப்பதை அவன் நூறு தடவை பார்த்திருக்கிறான். நூறு தடவை பார்த்ததை நம்பினான், அவ்வளவுதான். அப்படியென்றால் விழுந்தால் வலிக்கும் என்று காட்டுகிற கதைகளை அவனுக்குக் காட்டவேண்டும். சூப்பர் ஹீரோ படங்களிலேயே அப்படிப்பட்டவை இருக்கின்றனவா என்று தேடத் தொடங்கினேன். இருந்தன, நிறையவே இருந்தன. அவற்றில்தான் சக்திக்கு ஒரு விலை உண்டு, பயத்துக்கு ஒரு இடம் உண்டு, அடிபட்டால் யாராவது மருந்து போடுகிறார்கள்.

கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த பையனுக்கு முதலில் காட்டியது 2014இல் வந்த 'பிக் ஹீரோ 6'. பஞ்சு மூட்டை மாதிரி வெள்ளையாக, காற்றடைத்த பேமேக்ஸ் என்ற ரோபோதான் அதில் நாயகன். அது சண்டைக்காகச் செய்யப்பட்டதில்லை, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளச் செய்யப்பட்டது. யாராவது வலியில் 'ஆ' என்றால் போதும், பெட்டியிலிருந்து புஸ்ஸென்று உப்பி எழுந்து வரும். ஒன்றிலிருந்து பத்துக்குள் உன் வலி எவ்வளவு என்று கேட்கும். கவனிப்பு திருப்தியாக இருந்தது என்று நாம் சொன்னால்தான் திரும்பிப் போகும். சின்னவனுக்கு அது அப்படியே ஒட்டிக்கொண்டது. கட்டுக்குள் அரிக்கும்போதெல்லாம், "அம்மா, இப்போ நாலு" என்பான். ராத்திரி திரும்பிப் படுக்கும்போது "ஏழு". அதுவரை வலிக்கிறது என்றால் அழ மட்டுமே தெரிந்த பிள்ளைக்கு, வலியைச் சொல்ல ஒரு வழி கிடைத்தது. இன்றைக்கும் காய்ச்சல் வந்தால் எண்ணில்தான் சொல்கிறான். டாக்டரிடம் போகும்போது எனக்கு அது பெரிய உதவி.

ஒன்றை முன்கூட்டியே சொல்லவேண்டும். அந்தப் படத்தில் பேமேக்ஸைச் செய்த அண்ணன் தீ விபத்தில் இறந்துவிடுகிறான். அதற்கப்புறம் ஒரு இடத்தில் தம்பி கோபத்தில், பேமேக்ஸுக்கு உள்ளே இருக்கும் மருத்துவச் சில்லைக் கழற்றிவிடுவான். அந்த மெத்தென்ற பொம்மை கண் சிவந்து கொல்லப் பாயும். அந்தக் காட்சியில் சின்னவன் என் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டான். படத்தை நிறுத்தினேன். தண்ணீர் குடித்தோம். "அது ஏன் அப்படி ஆச்சு?" என்று அவனே கேட்டான். "அன்பா இருக்கச் சொல்ற சில்லை எடுத்துட்டாங்கல்ல" என்றாள் பெரியவள். அவளுக்கு அப்போது 9 வயது. நான் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கமாட்டேன். வீட்டில் பார்ப்பதில் பெரிய வசதி இந்த நிறுத்துகிற பொத்தான்தான். தியேட்டரில் இருட்டில் பயந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடத்தான் முடியும்.

அடுத்து 'தி இன்கிரெடிபிள்ஸ்'. பிராட் பேர்ட் எழுதி இயக்கி, பிக்ஸார் 2004இல் வெளியிட்ட படம். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாருக்கும் சக்தி இருக்கிற ஒரு குடும்பத்தின் கதை. எங்கள் வீட்டில் காசித்துண்டுப் பிரச்சினையைத் தீர்த்தது இதுதான். நாயகர்களுக்கு உடை தைத்துக்கொடுக்கும் எட்னா என்று குள்ளமான ஒரு அம்மாள் அதில் வருகிறாள். மேலங்கி வேண்டும் என்று கேட்கிற நாயகனிடம் முடியவே முடியாது என்று அடித்துச் சொல்வாள். ஏன் என்று வரிசையாகக் கதை சொல்வாள். ஒருவரின் மேலங்கி ஏவுகணையில் மாட்டியது, இன்னொருவருடையது விமான எஞ்சினுக்குள் இழுத்துக்கொண்டது, மற்றொருவருடையது லிஃப்டில் சிக்கியது. பார்க்கச் சிரிப்பாக இருக்கும் காட்சிதான். ஆனால் சின்னவன் சிரிக்கவில்லை. கட்டுப் போட்ட கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "டாக்டரும் இதத்தான் சொன்னாங்கல்லம்மா?" என்றான்.

அன்றைக்குச் சாயங்காலம் நாங்கள் புதிய துண்டு ஒன்று தயார் செய்தோம். கழுத்தில் முடிச்சே கிடையாது. சட்டையின் இரண்டு தோளிலும் துணி காயப்போடுகிற கிளிப்பை மாட்டி, அதில் துண்டைச் செருகிவிடுவது. எதிலாவது மாட்டி இழுத்தால் கிளிப் கழன்று துண்டு தனியாக வந்துவிடும். நானே நான்கு தடவை இழுத்துப் பார்த்தேன். வீட்டில் மேலங்கி கட்டி விளையாடுகிற பிள்ளை இருந்தால் இதை இன்றைக்கே செய்யுங்கள். கடையில் வாங்குகிற உடையில் கழுத்து நாடா இருந்தால் அதை வெட்டிவிட்டு வெல்க்ரோ வைத்துத் தைத்துவிடுங்கள்.

அந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் குகைக் காட்சி. அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வந்த விமானம் ஏவுகணை பட்டு நொறுங்கிவிடும். அம்மா தன் உடம்பையே பாராசூட்டாக விரித்துப் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வாள், கடலில் படகாக மாறிக் கரை சேர்ப்பாள். அப்புறம் குகையில் வைத்துப் பிள்ளைகளிடம் சொல்வாள்: சனிக்கிழமை காலையில் கார்ட்டூனில் பார்க்கிற வில்லன்கள் மாதிரி இல்லை இவர்கள், நீங்கள் பிள்ளைகள் என்று பார்க்கமாட்டார்கள், வாய்ப்புக் கிடைத்தால் கொன்றுவிடுவார்கள். ஒரு கார்ட்டூன் படத்துக்குள்ளேயே, கார்ட்டூன் வேறு உலகம் வேறு என்று ஒரு தாய் சொல்கிறாள். நான் எத்தனை தடவை சொல்லியும் ஏறாதது, அந்த ரப்பர் அம்மா சொன்னதும் ஏறியது. இந்தப் படத்தின் தொடக்கத்தில், தற்கொலை செய்யப் போகிறவரை நாயகன் தடுக்கிற காட்சி ஒன்று வரும், பிறகு அவரே நாயகன் மேல் வழக்குப் போடுவார். பெரிய பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். என்ன பதில் சொல்வது என்று முன்பே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

2018இல் வந்த இரண்டாம் பாகமும் நல்ல படம்தான். ஆனால் அதில் பளிச் பளிச்சென்று வெளிச்சம் மின்னும் காட்சிகள் நீண்ட நேரம் வருகின்றன. வெளியான சமயத்திலேயே தியேட்டர்களில் அதற்கு எச்சரிக்கை வைத்தார்கள். வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்தால் அந்தப் படம் வேண்டாம். மற்றவர்களும் விளக்கைப் போட்டுக்கொண்டு, திரையிலிருந்து தள்ளி உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

இதே பிராட் பேர்ட் 1999இல் எடுத்த 'தி அயர்ன் ஜயன்ட்' பற்றி நம் ஊரில் அதிகம் பேர் பேசிக் கேட்டதில்லை. என்னைக் கேட்டால், பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க ஒரே ஒரு படம் என்றால் இதைத்தான் சொல்வேன். ஆங்கிலக் கவிஞர் டெட் ஹ்யூஸ் எழுதிய கதையிலிருந்து வளர்ந்தது. ரஷ்யா ஸ்புட்னிக்கை வானத்துக்கு அனுப்பிய 1957ஆம் வருடம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். வானத்திலிருந்து விழுந்த பிரம்மாண்டமான இரும்பு மனிதனை ஹோகார்த் என்ற பையன் கண்டுபிடிக்கிறான். தன்னிடம் இருக்கும் காமிக்ஸ் புத்தகங்களை அதற்குக் காட்டுகிறான். ஒரு புத்தகத்தில் சூப்பர்மேன், இன்னொன்றில் உலகத்தை அழிக்கும் ஒரு இரும்பு ரோபோ. இரும்பு மனிதன் இரண்டையும் பார்க்கிறது. தான் எதைப் போல இருக்கிறோம் என்று அதற்குத் தெரிகிறது. ஆனால் எதைப் போல ஆகவேண்டும் என்பது வேறு விஷயம்.

அந்தப் படத்தில் ஒரு மான் வரும். காட்டில் இரும்பு மனிதன் குனிந்து, மூச்சு விடாமல் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். மான் போய்விடும். கொஞ்ச நேரத்தில் துப்பாக்கிச் சத்தம். போய்ப் பார்த்தால் மான் கீழே கிடக்கும். இரும்பு மனிதன் ஒற்றை விரலால் அதை மெல்லத் தொட்டு எழுப்பப் பார்க்கும். எழுந்திருக்காது. எங்கள் கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. சின்னவன் பாயிலிருந்து எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். "எந்திரிக்கலையே" என்றான். ஒரே சொல். நான் பதில் சொல்லவில்லை. டாக்டரின் அறையில் அவன் சொன்ன அந்த வரிக்கு அவனே பதில் கண்டுபிடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது தாத்தாவிடம், "மான் எந்திரிக்கல தாத்தா, செத்துப்போச்சு" என்று விவரமாகச் சொன்னான். தாத்தா சோற்றைப் பிசைந்தபடியே, "ஆமாடே, உசுருன்னா அப்படித்தான்" என்றார்.

படம் 90 நிமிடத்துக்கும் குறைவு, பிள்ளைகளின் பொறுமைக்குச் சரியான அளவு. முடிவில் கண்ணீர் வரும். அழுகிறார்களே என்று நடுவில் அணைத்துவிடாதீர்கள். கடைசி இரண்டு நிமிடத்தைக் கட்டாயம் பார்க்கவையுங்கள். அதைப் பார்க்காமல் தூங்கப் போகிற பிள்ளைக்கு அநியாயம் செய்தமாதிரி ஆகிவிடும்.

இதற்கு நடுவே நான் ஒரு தப்பும் செய்தேன். அனிமேஷன் என்றாலே பிள்ளைகளுக்கானது என்று நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பளபளவென்று வண்ணமாக நாயகர்கள் நிற்கிற ஒரு தொடரின் படத்தைப் பார்த்து, நல்லதாகத்தான் இருக்கும் என்று போட்டுக் கொடுத்துவிட்டு மாவரைக்கப் போய்விட்டேன். அரை மணி நேரம் எல்லாம் சாதாரணமாகத்தான் போயிருக்கிறது. பிறகு வந்த இரத்தத்தைப் பெரியவள் பார்த்துவிட்டு, தம்பியின் கண்ணைப் பொத்திக்கொண்டு கத்தினாள். ரிமோட்டை எடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. ஓரத்தில் 18+ என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. பெரியவள் மூன்று ராத்திரி என் பக்கத்தில்தான் படுத்தாள். தம்பியின் கண்ணைப் பொத்தினாள், அவள் கண்ணைப் பொத்த யாரும் இல்லையே என்று நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

அதற்கப்புறம் சில பழக்கங்கள் வந்தன. பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு, பெரியவர்கள் கணக்குக்கு ரகசிய எண். இதை என் வீட்டுக்காரர் பத்து நிமிடத்தில் செய்துவிட்டார். அடுத்த அத்தியாயம் தானாக ஓடுவதை நிறுத்தி வைத்தோம். எந்தப் படமானாலும் முந்தின நாள் ராத்திரி நான் தனியாக ஒரு அரை மணி நேரம் பார்ப்பேன். தொடக்கம் எல்லாப் படத்திலும் இனிமையாகத்தான் இருக்கும், அதனால் நடுவிலும் கடைசிக்குச் சற்று முன்னாலும் ஓட்டிப் பார்ப்பேன். வயது அடையாளத்தையும் படிக்கப் பழகிக்கொண்டேன். இணையத் தளங்களுக்கு 2021ஆம் வருட விதிகளின்படி U, U/A 7+, U/A 13+, U/A 16+, A என்று ஐந்து வகை உண்டு. தியேட்டர் படங்களுக்கும் இப்போது UA சான்றிதழை 7+, 13+, 16+ என்று பிரித்துவிட்டார்கள். 'இன்வின்சிபிள்', 'ஹார்லி க்வின்' போன்ற அனிமேஷன் தொடர்கள் முழுக்கப் பெரியவர்களுக்கானவை. 'டெட்பூல்', 'லோகன்', 'ஜோக்கர்' எல்லாம் இந்தியாவில் A சான்றிதழ் பெற்றவை. பொம்மைக் கடையில் அந்த முகமூடிகள் தொங்குகின்றன என்பதற்காக ஏமாந்துவிடக்கூடாது.

இன்னொரு பழக்கம், பகலில் பார்ப்பது. தூங்கப் போகுமுன் சண்டைப் படம் பார்த்த நாள்களில் சின்னவன் படுக்கையில் உதைத்துக்கொண்டே இருந்தான். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாற்றியதும் அது நின்றது. பார்த்து முடித்ததும் மாடிக்குப் போய் ஓடி விளையாடிவிட்டு வருவார்கள், உடம்பில் ஏறியது இறங்கிவிடும்.

மொழி விஷயத்தில் எங்கள் வீட்டில் கொஞ்சம் வாக்குவாதம். ஆங்கிலத்தில் பார்த்தால் ஆங்கிலம் வரும் என்பார் வீட்டுக்காரர். நான் தமிழ் கிடைக்கிற இடத்தில் தமிழில்தான் வைக்கிறேன். சுட்டி டிவியில் ஜாக்கி சானின் சாகசங்களைத் தமிழில் பார்த்து வளர்ந்த பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், வசனத்தை இன்றைக்கும் அப்படியே சொல்வார்கள். தமிழில் ஓடினால் ஆச்சியும் தாத்தாவும் உட்கார்ந்து பார்க்கிறார்கள், நடுவில் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு ஆங்கிலத்தை விடப் பெரிசு எனக்கு. எல்லாப் படத்துக்கும் தமிழ்க் குரல் இருக்காது. இல்லாதபோது நானும் பெரியவளும் மாற்றி மாற்றிக் கதை சொல்லிக்கொண்டே பார்ப்போம். படம் மெதுவாகப் போகும், பரவாயில்லை.

பெரியவளுக்கு என்று தனியாகத் தேடியபோது கிடைத்தது 2018இல் வந்த 'ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்'. அடுத்த வருடம் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய படம். எட்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாகப் பார்க்கலாம், அதற்குக் கீழே என்றால் வெளிச்ச மினுமினுப்பும் இரண்டு சாவுகளும் பாரமாக இருக்கும். மைல்ஸ் மொராலெஸ் என்ற பள்ளிப் பையன் சிலந்தி கடித்துச் சக்தி பெறுகிறான். பெற்றதும் என்ன செய்கிறான்? உயரமான கட்டடத்தின் உச்சிக்குப் போய் எட்டிப் பார்க்கிறான், பயந்து திரும்பி, உயரம் குறைந்த கட்டடத்துக்குப் போகிறான். அங்கிருந்து குதிக்கப் போனால் ஷூ நாடா தடுக்கி விழுகிறான். கையில் வைத்திருந்த முக்கியமான கருவியும் உடைந்துபோகிறது. எங்கள் சின்னவன் இதை மட்டும் பார்க்கட்டும் என்று கூப்பிட்டுக் காட்டினேன். "அவனும் விழுந்தான்" என்று அவனுக்கு ஒரே நிம்மதி.

பிறகு படத்தின் பின்பகுதியில் மைல்ஸ் உண்மையிலேயே குதிக்கிற காட்சி வரும். அதில் ஒரு சின்ன விஷயத்தைப் பெரியவள்தான் கண்டுபிடித்தாள். கட்டடத்தின் கண்ணாடியில் அவன் விரல்கள் ஒட்டியிருக்கும். குதிக்கும்போது விரல் விடுபடாது, கண்ணாடியே உடைந்து விரலோடு வரும். "அம்மா, திருப்பிப் போடுங்க, அவன் கையை எடுக்கவே இல்ல. பயம் போகாமத்தான் குதிக்கான்" என்றாள். மூன்று தடவை திருப்பிப் பார்த்தோம். மேடையில் பேசவேண்டும் என்றாலே வயிறு வலிக்கிறது என்பவள் அவள். பயம் போன பிறகுதான் பேசவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தவள். அந்த வருடம் பள்ளி ஆண்டு விழாவில் அறிவிப்பாளராகப் பெயர் கொடுத்தாள். மேடையில் அவள் கை நடுங்கியது கீழேயிருந்து எனக்குத் தெரிந்தது, ஆனாலும் முழுக்கப் பேசிவிட்டு வந்தாள்.

இந்தப் படத்தில் மைல்ஸின் அசைவு தொடக்கத்தில் கொஞ்சம் வெட்டி வெட்டித் தெரியும். திரையில் நொடிக்கு 24 தனித்தனிப் படங்கள் ஓடுகின்றன என்றால், சில காட்சிகளில் மைல்ஸை மட்டும் நொடிக்கு 12 தடவை தான் அசைத்திருக்கிறார்கள். அனுபவம் உள்ள பழைய ஸ்பைடர்மேன் பீட்டர் பக்கத்தில் வழுக்கிக்கொண்டு போவான், இவன் தத்தித் தத்திப் போவான். இதைச் சொன்னதும் பெரியவள் பழைய நோட்டின் ஓரத்தில் குச்சி மனிதன் வரைந்து, விரலால் தாள்களைத் தள்ளி ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு நோட்டு முழுக்க ஒருவன் தாவிக்கொண்டே இருக்கிறான்.

2023இல் வந்த அடுத்த பாகத்தில் மும்பையும் மன்ஹாட்டனும் கலந்த ஒரு ஊர் வருகிறது, பவித்ர் பிரபாகர் என்று நம் நாட்டு ஸ்பைடர்மேன் வருகிறான். தமிழிலும் வந்தது. ஆனால் இரண்டேகால் மணி நேரம் ஓடிவிட்டுக் கதை பாதியில் நின்றுவிடும். இதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிட்டுப் போடுங்கள். நான் சொல்லாததால் சின்னவன் டிவி பழுதாகிவிட்டது என்று ரிமோட்டைத் தட்டிக்கொண்டிருந்தான்.

மார்வெலின் பெரிய அவெஞ்சர்ஸ் படங்களை நாங்கள் இன்னும் தொடவில்லை. 2018இல் வந்த 'இன்ஃபினிட்டி வார்' முடிவில், பிடித்த நாயகர்கள் ஒவ்வொருவராகத் தூசியாகிப் பறந்துபோவார்கள். ஒரு வருடம் கழித்து வந்த படத்தில்தான் அதற்குப் பதில். பன்னிரண்டு வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம், ஓடிவிடப் போவதில்லை.

காசு கட்டாமல் பார்க்கவேண்டும் என்றால் ஒரு நல்ல வழி இருக்கிறது. 1941 முதல் 1943 வரை வந்த பழைய சூப்பர்மேன் கார்ட்டூன்கள், மொத்தம் 17. முதல் ஒன்பதை ஃபிளைஷர் ஸ்டூடியோ எடுத்தது. எதற்குமே இப்போது பதிப்புரிமை கிடையாது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொன்றும் பத்து நிமிடம்தான், ஒரு தோசை சுட்டுப் போட்டு அவன் சாப்பிட்டு முடிக்கும் நேரம். இயந்திர ரோபோக்கள் வங்கியைக் கொள்ளையடிக்க வருகிற அத்தியாயம் எங்கள் வீட்டில் எத்தனை தடவை ஓடியது என்று கணக்கில்லை. பேச்சு குறைவு என்பதால் மொழியும் தடையில்லை. ஆனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்த சில அத்தியாயங்களில் ஜப்பானியரை மிகவும் கேவலமாக வரைந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவற்றை நான் காட்டுவதில்லை. தொடக்ககாலக் காமிக்ஸில் சூப்பர்மேனுக்குப் பறக்கவே தெரியாது, தாவத்தான் தெரியும் என்று சின்னவனிடம் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். "அப்போ அவனும் மாடிப்படியிலதான் பழகியிருப்பான்" என்றான். "ரெண்டாவது படியில" என்று உடனே திருத்தினேன்.

அந்தக் கார்ட்டூன்களின் சாயலில் 1992இல் வந்தது 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்'. பின்னணிகளைக் கருப்புத் தாளில் வரைந்தார்கள், அதனால்தான் அந்த ஊரே இருட்டில் ஊறினமாதிரி இருக்கும். பத்து வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு இது பொக்கிஷம். அதில் பனிக்கட்டி மனிதனாக வருகிற மிஸ்டர் ஃப்ரீஸின் கதையை மட்டுமாவது பாருங்கள். நோயில் கிடக்கும் மனைவியைக் காப்பாற்றப் போய் வில்லனானவன். பெரியவள் முடிந்ததும், "இவனைப் பிடிச்சது சரிதான், ஆனா பாவம்" என்றாள். இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொள்ள ஒரு பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் அது சின்ன விஷயமா?

நம் பக்கத்துக் கதைகளில், மலையாளத்தில் 2021இல் வந்த 'மின்னல் முரளி'யைக் குடும்பமாகப் பார்த்தோம், தமிழிலேயே கிடைக்கிறது. ஊர்த் தையல்காரன் ஒருவனுக்கு மின்னல் தாக்கிச் சக்தி வருகிறது. அதே மின்னல் டீக்கடையில் வேலை பார்க்கும் ஷிபுவையும் தாக்குகிறது. ஷிபுவாக நடித்த குரு சோமசுந்தரம் நம்மூர்க் கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் பழகியவர். அவர் அழும்போது அப்பாவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். தீப்பிடிக்கும் காட்சிகள் கடுமையானவை, அதனால் சின்னவன் தூங்கிய பிறகுதான் பார்த்தோம். 2023இல் வந்த 'மாவீரன்' பயந்த சுபாவமுள்ள ஒரு ஓவியனின் கதை. அதில் நாயகன் உயிரை விடப்போகும் காட்சி ஒன்று இருக்கிறது. பெரியவள் இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று தள்ளி வைத்திருக்கிறேன்.

மாவுக்கட்டைப் பிரித்த அன்றைக்கு அந்தக் கை மெலிந்து, வெளிறி, தோல் உரிந்து இருந்தது. கட்டின் மேல் பெரியவள் வரைந்திருந்த பேமேக்ஸின் படத்தை வெட்டாமல் எடுத்துத் தரும்படி சின்னவன் டாக்டரிடம் கேட்டான். அவரும் பொறுமையாகப் பக்கவாட்டில் அறுத்து எடுத்துக் கொடுத்தார். "வலி எத்தனை?" என்று நான் கேட்டேன். யோசித்துவிட்டு, "ஒண்ணு" என்றான். அந்தக் கட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது.

இப்போது அவனுக்கு 7 வயது. சனிக்கிழமை காலையில் இரண்டாவது படியிலிருந்து, கீழே விரித்த மெத்தையில், தோளில் கிளிப் மாட்டிய துண்டோடு குதிக்கிறான். தாத்தா மெத்தைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். குதிக்குமுன் அவன் ஒருமுறை கிளிப்பை இழுத்துப் பார்த்துக்கொள்கிறான். யாரும் சொல்வதில்லை.